வெயிலில் கண் மூடிய பொம்மைகள்

கண்ணழகி என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பொம்மைகள் வெயிலில் வைத்தால் அழுதன. முதலில் இடது கண்ணில் ஒரு சொட்டு, பிறகு வலது கண்ணில் ஒரு சொட்டு, அதன்பின் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்ளும். நிழலுக்குக் கொண்டுவந்தால் மெல்லத் திறக்கும். கடைக்காரர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததை உள்ளே இருட்டு அலமாரிக்கு மாற்றினார்கள், விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தார்கள், “நிழல்லயே வெச்சுக்கோங்க, துணி சாயம் போகாது” என்று சொல்லி விற்றார்கள். அப்படியும் திரும்பி வந்தவற்றைச் சரிசெய்யும் வேலை, பொம்மைக் கம்பெனியின் கண் பிரிவில் இருந்த ஒருத்தியிடம் கொடுக்கப்பட்டது. அந்தப் பொம்மைகளின் கண்கள் அவளுடைய மகளின் கண்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஆகவே அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளைத் தெருவில் கண்ணுக்காரி என்பார்கள். பொம்மைத் தலைகள் அச்சிலிருந்து வரும்போது முகத்தில் இரண்டு வெறும் குழிகள்தான் இருக்கும். தலையை வெந்நீரில் போட்டு இளக்கி, கழுத்து ஓட்டை வழியாக விரலை விட்டு, உள்ளிருந்து கண்ணைக் குழியில் உட்கார வைக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன ஈயக்குண்டு தொங்கும். பொம்மையைப் படுக்க வைத்தால் குண்டு சாய்ந்து இமை மூடும், நிறுத்தினால் திறக்கும். ஒரு மயிரிழை தப்பினாலும் பொம்மை திருட்டு முழி முழிக்கும். அவள் வைத்த கண் ஒன்றுகூடத் திருட்டு முழி முழித்ததில்லை. மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து, பொம்மையின் முகத்தை அதற்கு நேரே பிடித்து, இரண்டு கண்ணிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியில் வைப்பாள். மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். கம்பெனிப் பெட்டிகளை ஏற்றிப்போகும் லாரிக்காரர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, “இடது கண்ணு கொஞ்சம் கீழே உக்காந்திருக்கு, மத்தபடி பரவாயில்ல” என்று சொல்லிச் சம்மதித்தாள். கல்யாணமாகி ரொம்ப நாளைக்கு அவர் கண்ணாடி முன்னால் நின்று இடது கண்ணைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது தெருவே வந்து பார்த்தது. குழந்தையின் கண்கள் அவ்வளவு பெரியவை. கறுப்பு வட்டம் கண் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஓரத்தில் மட்டும் நூலளவு வெள்ளை தெரிந்தது. எதிர்வீட்டுத் தையலக்கா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்டி, முகத்துல கண்ணு இருக்கா, கண்ணுல முகம் இருக்கா?” என்றாள். “மூக்கு எங்கடி? கண்ணு வெச்சு முடிக்கறதுக்குள்ள சாமான் தீந்துபோச்சா?” கண்ணுக்காரி படுத்தபடியே சிரித்தாள். “மூக்கு வரும்க்கா. பின்னாடி லாரியில வருது.” அன்றைக்கே குழந்தைக்குக் கண்ணழகி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. வேறு பெயர் வைக்க வேண்டும் என்று பெற்றவர்கள் பேசிக்கொண்டார்கள், ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தவுடன் வேறு பெயர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

குழந்தைக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை. கதவைத் திறந்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்ளும், தெருவில் தூக்கிப்போனால் அம்மாவின் தோளில் நெற்றியைப் புதைத்துக்கொள்ளும். “பொறந்து பத்து நாள் ஆகல, இதுக்குள்ள வெக்கத்தைப் பாரு” என்றாள் தையலக்கா. கண்ணில் எப்போதும் தண்ணீர் நின்றது. மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழாமலே எட்டிப் பார்த்து, கண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்திருக்கும், நிறையக் குழந்தைகளுக்கு உள்ளதுதான், மூக்கோரமாக நீவிவிட்டால் ஒரு வயதுக்குள் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். கண்ணுக்காரி விடாமல் நீவினாள். இன்னும் இரண்டு பெண்களிடம் கேட்டாள், அவர்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்ததாம், நீவித்தான் சரியானதாம். அவர்கள் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை ஒரு பொம்மைப் பெட்டிக்குள் துணி விரித்துப் போட்டு மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மேசை விளக்கின் வெளிச்சம் பெட்டிக்குள் விழுந்தால் குழந்தை வீறிட்டது, அதனால் விளக்கை அந்தப் பக்கம் திருப்பிவைத்தாள். வருடக்கணக்கில் ஆயிரமாயிரம் கண்களை அந்த விளக்கில் காட்டிப் பார்த்தவள், ஒரு குழந்தையின் கண்ணில் மட்டும் அது படாதபடி பார்த்துக்கொண்டாள். பாசத்தில் செய்ததுதான்.

முதலாளி ஒருநாள் கண் பிரிவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் பெட்டிக்குள் பார்த்து நின்றுவிட்டார். “இதுதான்யா கண்ணு” என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரியிடம் ஒரு அட்டை உண்டு. அதில் சின்னதிலிருந்து பெரிதுவரை வட்ட வட்டமாகத் துளைகள் வெட்டி, பக்கத்தில் நம்பர் எழுதியிருக்கும். பொம்மைக் கண்களை அதில் வைத்துத்தான் அளவு பார்ப்பார்கள். அவர் அட்டையைத் தூங்கி எழுந்த குழந்தையின் கண்ணருகே பிடித்துத் துளை துளையாக மாற்றிப் பார்த்தார். அந்த முகத்துக்குப் போடுகிற நம்பரைத் தாண்டி இரண்டு நம்பர் போனது. “நம்ம அளவுக்குள்ள அடங்கலியே முதலாளி” என்றார் மேஸ்திரி. “அடங்காததுதான் அழகு” என்றார் முதலாளி. அந்த அளவில் கண்ணழகி பொம்மை வந்தது. வந்த பெட்டி வந்த அன்றே காலியானது. அடுத்த பருவத்துக்கு மறுபடி அளந்தபோது இன்னொரு நம்பர் கூடியிருந்தது. “கண்ணு வளருது மேஸ்திரி” என்றாள் கண்ணுக்காரி பெருமையாக. “வளரட்டும்மா. வளர்ற பிள்ளையை வேண்டாம்னு சொல்ல முடியுமா?” என்றார் அவரும் பெருமையாக. மற்றப் பிள்ளைகளுக்குக் கை வளர்ந்தது, கால் வளர்ந்தது. இவளுக்குக் கண் வளர்ந்தது. அதில் தப்பாக எதையும் யாரும் பார்க்கவில்லை. பெரிய கண் வேண்டும் என்று சம்பளம் கொடுக்கிற இடத்தில் கண் பெரிதாவதை யார் நோய் என்பார்கள்?

பொம்மைகள் அழத் தொடங்கியது அதன் பிறகுதான். லாரிக்காரர் போகும்போது நிறைந்த பெட்டிகளும் வரும்போது திரும்பிய பெட்டிகளுமாக ஓட்டினார். மேஸ்திரி ஒரு பொம்மையை ஜன்னலோரம் நிறுத்தி, அது கண்ணை மூடுவதைப் பார்த்துவிட்டு, ஈயக்குண்டு கனம் கூடிப்போச்சு என்றார். குண்டை இழைத்தார்கள், பொம்மை அப்போதும் மூடியது. பசை வேர்க்கிறது என்றார். பசையை மாற்றினார்கள், அப்போதும் சொட்டியது. ஒரு பெண் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கிறது என்றாள். பசையில் உப்பு கலந்து விற்கிறான் என்று பசை வியாபாரியைத் திட்டினார்கள். வெயிலில் அழுகிற, வெளிச்சத்தில் கண் மூடுகிற, கண் பெருத்துக்கொண்டே போகிற குழந்தை மேசைக்குக் கீழே பெட்டியில் இருந்தது. மேசைக்கு மேலே அதே கண்ணோடு பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்து அழுதன. இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பொம்மை பழுது, குழந்தை அழகு என்று அவர்கள் மனதில் தனித்தனி அறை இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவள் கண்ணுக்காரிதான். பொம்மைக் கண்ணை வெளியே எடுத்து உலுக்கிப் பார்த்தாள். கண் குண்டுக்குள்ளேயே தண்ணீர் தளும்பியது. உள்ளே ஊறுகிறது, போக வழியில்லாமல் நிற்கிறது, அதனால்தான் பிதுங்குகிறது என்று புரிந்தது. ஊசியைச் சுட்டு, கறுப்பு வட்டம் வெள்ளையைத் தொடுகிற ஓரத்தில், வெளியே தெரியாதபடி ஒரு சின்ன வழி விட்டாள். தண்ணீர் வெற்றுத் தலைக்குள் இறங்கிக் காய்ந்துபோனது. அந்தப் பொம்மையை உச்சி வெயிலில் நிறுத்தினார்கள். அது கண்ணை அகல விரித்துச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் பிரிவில் கைதட்டினார்கள். அன்றிலிருந்து திரும்பி வந்தவை, கிடங்கில் இருந்தவை, புதிதாகச் செய்தவை எல்லாவற்றுக்கும் அவள் ஊசி போட்டாள். நாலாயிரம் பொம்மைகளுக்கு நேரத்தோடு வைத்தியம் நடந்தது. முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பாராட்டி, நாற்காலிக்கு மெத்தை போட்டுக் கொடுத்தார். அவள் சாயங்காலம் மகளை வீட்டுக்குத் தூக்கிப்போய், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டவளின் கன்னத்தை ஈரத்துணியால் துடைத்து, மூக்கோரம் நீவிவிட்டாள்.

ஒரு வயது கடந்தபோது கண்ணின் கறுப்பு கலைந்து சாம்பல் நீலமானது. “நீலக் கண்ணு! எந்த மகராசிக்குடி இப்படி வாய்க்கும்?” என்று தையலக்கா கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். முதலாளி நீலத்திலும் கொஞ்சம் செய்யச் சொன்னார். அந்தக் கண்களில் மட்டும் ஒரு மங்கல் விழுந்தது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அந்த மாதத்திலேயே குழந்தை நடக்கத் தொடங்கி, கதவுக்குப் போகாமல் கதவுக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. முட்டிக்கொண்டு அழவில்லை. சுவரைத் தடவி, கதவு எங்கே என்று தேடியது. “நிமிந்து பாத்து நடக்கறாளா பாரு, அப்பன் மாதிரியே” என்றாள் கண்ணுக்காரி. சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அதற்கு மேல் அவள் அதை யோசிக்கவில்லை, அல்லது யோசிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

வேறொரு ஊரில், லாரிக்காரர் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். கண் டாக்டர். சோதனைக்கு வரும் குழந்தைகளை வேடிக்கை காட்டி உட்கார வைப்பதற்காக ஒரு கண்ணழகி பொம்மை வாங்கியிருந்தார். ஊசி போடாத பழைய பொம்மை. அவருடைய விளக்கைக் கண்டதும் அது கண்ணை மூடி அழுதிருக்கிறது. மற்றவர்களைப் போல அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. “இந்தக் கண்ணை எந்தக் குழந்தையைப் பாத்துச் செஞ்சீங்க?” என்று கேட்டார். லாரிக்காரர் தோள் துண்டை உதறிக்கொண்டு, “எம் பொண்ணுதாங்க” என்றார். அவர் சிரித்த முகமாக இருந்ததால் டாக்டரம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. “நாளைக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார். பிறகு, “வேண்டாம், இப்பவே போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார். லாரிக்காரர் பாதிப் பெட்டிகளை இறக்காமலே வண்டியைத் திருப்பினார்.

மருத்துவமனையில் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, கண்ணுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தார். கண்ணுக்குள் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், அது வெளியேற ஒரு வழியும் இருக்கும், இந்தக் குழந்தைக்கு அந்த வழி பிறக்கும்போதே சரியாக உருவாகவில்லை என்றார். பெரியவர்களுக்கு என்றால் கண் பெருக்காது. குழந்தையின் கண் இளசு, தண்ணீர் தள்ளத் தள்ள ஊதிக்கொண்டே போகும். பார்க்கிறவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். பின்னால் பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கும், நசுங்கியது திரும்ப வராது.

“வழி விட்டா சரியாயிடும்ல?” என்றாள் கண்ணுக்காரி.

“ஆபரேஷன் அதுதாம்மா. ஓரத்துல ஒரு சின்ன வழி விடறது. பொறந்த புதுசுல வந்திருந்தா...” டாக்டரம்மா அங்கே நிறுத்தினார்.

“நான் விட்டேங்க.”

“என்னது?”

“வழி. நான் விட்டேன். ஓரத்துலதான் விட்டேன்.”

“யாருக்கும்மா?”

கண்ணுக்காரி மேசைமேல் இருந்த பொம்மையைக் காட்டினாள். டாக்டரம்மா பொம்மையைப் பார்த்தார், அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மடியில் தூங்கிய குழந்தையோடு நான்கு பேர் இருட்டில் இருந்தார்கள், பொம்மையைச் சேர்த்தால் ஐந்து பேர்.

ஆபரேஷன் நடந்தது. கண் பெருப்பது நின்றது, வலி நின்றது, கண்ணீர் நின்றது. பார்வை வரவில்லை. கண்ணெதிரே விளக்கை ஏற்றினால் ஏற்றியது தெரியும், அணைத்தால் அணைத்தது தெரியும், அவ்வளவுதான். அவர்கள் திரும்பி வந்தபோது தெரு சத்தமில்லாமல் இருந்தது. தையலக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, குழந்தையைத் தொடாமல், “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். கண்ணழகி என்று கூப்பிடுவதை யாரும் சொல்லிவைக்காமலே எல்லோரும் விட்டார்கள். குழந்தை வெறும் பாப்பா ஆனாள். மேஸ்திரி ஒருநாள் பசை தாமதமாக வந்ததற்குக் கிடங்குக்காரனைத் திட்டும்போது, “கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?” என்று கத்திவிட்டார். கண் பிரிவில் எல்லாக் கைகளும் நின்றன. கண்ணுக்காரிதான் முதலில் அசைந்தாள். “பழமொழிதானே மேஸ்திரி. வேலையைப் பாருங்க” என்றாள். அவர் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. அதன்பின் அவர் வாயிலிருந்து ஒரு பழமொழியும் வரவில்லை. அவரிடம் இருந்ததில் பாதி கண்ணைப் பற்றியதாகவே இருந்தது.

லாரிக்காரர் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். போகிற ஊர்களில் எல்லாம் பிள்ளைகளின் இடுப்பில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். வெயிலில், கண்ணை அகல விரித்து, பளிச்சென்று பார்த்தாள். அவர் பெட்டிகளில் பொம்மைகளைக் குப்புறப் படுக்கவைத்து அடுக்கச் சொன்னார். கண்ணுக்காரி ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் இரண்டு மூன்று வருடங்கள் ஒருவரும் யாரையும் எதையும் கேட்கவில்லை. பாப்பாதான் கேட்டாள். இது என்ன, அது என்ன, சத்தம் போடுவது யார், வெளிச்சம் ஏன் இன்றைக்குச் சீக்கிரம் போய்விட்டது என்று கேட்டாள்.

அடுத்த குழந்தைக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பாப்பாவுக்கு ஐந்து வயதானபோது தம்பி பிறந்தான். தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்க வரவில்லை. தையலக்கா மட்டும் வந்து, தொட்டிலைப் பார்க்காமல் கண்ணுக்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “கண்ணு சின்னதாத்தான இருக்கு?” என்றாள். “தெரியலக்கா.” “உனக்கா தெரியல?” “எனக்குத்தான் தெரியல” என்றாள் கண்ணுக்காரி. பார்க்கப் பார்க்க அந்தக் கண் ஒருமுறை சின்னதாக இருந்தது, ஒருமுறை பெரிதாக இருந்தது. ஊரிலேயே கண்ணைத் தெரிந்தவள், கையில் இருக்கிற பிள்ளையின் கண்ணை நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையில் மாதா மாதம் காட்டச் சொன்னார்கள். முதல் முறை ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த மாதம்வரை அவளால் காத்திருக்க முடியவில்லை.

பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். மேஸ்திரி ஒன்றும் கேட்காமல் அட்டையை எடுத்து வந்தார், தான் அளக்காமல் அதை அவளிடமே கொடுத்தார். அவள் அளந்தாள். அந்த நம்பரில் கண் எடுத்து, ஒரு தலையை இளக்கி, ஊசி போடாமல் உட்கார வைத்தாள். பொம்மையை வீட்டு ஜன்னலில் நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெயில் தரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து ஜன்னல் படிக்கும் ஏறியது. பொம்மையின் முகத்துக்கு வந்தபோது அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இடது கண்ணில் ஒரு சொட்டு இறங்கியது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்தாமல், செருப்பு போடாமல் ஓடினாள்.

டாக்டரம்மா மறுபடி மயக்கிப் பார்த்து, அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கிறது, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றார். அந்த வாரமே வழி விட்டார்கள். தம்பிக்கு ஒரு கண் முழுதாகவும் மறு கண் முக்காலாகவும் தெரிந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டவர்களிடம் பொம்மையைக் காட்டினாள். அவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் விஷயம் பரவி, பிள்ளை பிறந்த வீடுகளிலிருந்து கம்பெனிக்கு வரத் தொடங்கினார்கள். மேஸ்திரி பிள்ளையை அளப்பார், கண்ணுக்காரி கண் வைப்பாள், பொம்மையை ஜன்னலில் நிறுத்திப் பார்ப்பார்கள். அழாவிட்டால் அந்தப் பொம்மை பிள்ளைக்கே விளையாட. அழுதால் அன்றே பஸ் ஏற வேண்டும். சாதாரணப் பொம்மையின் விலைதான், அளப்பதற்குத் தனிக்கூலி கிடையாது. சில பொம்மைகளின் கண்ணில் வேறு குறைகளும் தெரிந்தன. கறுப்புக்கு நடுவில் பால் போல வெள்ளை, இல்லாவிட்டால் ஒரு கண் ஓடிப்போய் மூலையில் நிற்பது. அதற்கும் டாக்டரம்மாவிடம்தான் அனுப்பினார்கள்.

ஜன்னல் வேலை பாப்பாவுடையது. ஏழு வயதில் அவளை அதில் உட்கார வைத்தார்கள், அல்லது அவளாகவே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் சூடு படுவதை வைத்து வெயில் வந்துவிட்டதைச் சொல்வாள். பொம்மையின் இமையையும் கன்னத்தையும் விரலால் தடவி, மூடியிருக்கிறதா, ஈரமா என்று சொல்வாள். ஒருநாள் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைக்காகச் செய்த பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தபோது கேட்டாள்.

“அம்மா, தம்பிக்குப் பொம்மை செஞ்சல்ல?”

“ஆமா.”

“நான் பொறந்தப்போ எனக்குப் பொம்மை இல்லியா?”

கண்ணுக்காரியின் விரல் ஒரு தலைக்குள் இருந்தது. கண் பிரிவில் மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். மேஸ்திரி எழுந்து வெளியே போனார்.

“இருந்துச்சு.”

“எத்தனை?”

“நெறைய.”

“அதுங்க அழுதுச்சா?”

“அழுதுச்சு.”

“நீ என்ன பண்ணுன?”

“துடைச்சேன். அப்புறம் சரி பண்ணுனேன்.”

பாப்பா மடியில் இருந்த பொம்மையின் இமையைத் தடவினாள். “இப்ப அதுங்களுக்கெல்லாம் கண்ணு தெரியுதாம்மா?”

“தெரியுது” என்றாள் கண்ணுக்காரி. “எல்லாத்துக்கும் நல்லாத் தெரியுது.”

வெயில் வந்துவிட்டதாகப் பாப்பா சொன்னாள். பொம்மையைத் தூக்கி அதற்கு நேரே பிடித்து, இமைமேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். “இது திறந்துதான் இருக்கு. ஈரமும் இல்ல” என்றாள். வாசலில் கைக்குழந்தையோடு நின்றவளிடம் பொம்மையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணுக்காரி அடுத்த தலையை எடுத்து வெந்நீரில் போட்டாள்.